செய்தியில் ‘பிடி’: எங்கே பிடிக்கலாம், எங்கே விடலாம்

ஏதாவது ஒரு நாளைய மாவட்டப் பதிப்பின் செய்திகளை எல்லாம் ஒரே கோப்பில் கொட்டி, ‘பிடி’ என்று தேடிப் பாருங்கள். லஞ்சம் வாங்கிய அதிகாரி பிடிபட்டார், லாரி தீப்பிடித்தது, நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை, மாடுபிடி வீரருக்குக் கார், தீபாவளி விற்பனை சூடுபிடித்தது, அணியில் இடம்பிடித்தார், நீதிமன்றம் பிடிவாரண்ட், சம்பளத்தில் பிடித்தம், இரண்டு நிமிட மவுனம் கடைப்பிடிப்பு, பேருந்தைச் சிறைபிடித்த கிராம மக்கள். ஒரே சொல் இத்தனை வேலை செய்கிறது. செய்தித் தமிழில் இந்த அளவுக்கு உழைக்கும் வினைச்சொற்கள் மிகக் குறைவு. உழைப்பு அதிகமாக இருப்பதால்தான் தவறும் அதிகமாக நடக்கிறது. பல வருடம் பிரதி திருத்தியதில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன், புதிதாகச் செய்தி எழுத வருகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஒரு சோதனை. ‘பிடி’ என்று எழுதியதும் உங்களையே கேளுங்கள்: இது யாருடைய கை, அது எதைப் பிடித்தது? இந்தச் சொல்லின் வேர் கையில் இருக்கிறது. கைப்பிடி, ஒரு பிடி அரிசி, புரவி எடுப்புத் திருவிழாவுக்கு முன்னால் மண்குதிரை செய்யக் கொடுக்கும் பிடிமண், எல்லாமே உள்ளங்கை மடங்குவதிலிருந்து வந்தவை. கை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தயங்காமல் எழுதலாம். கை மறைந்திருக்கிற இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும்.

கை நன்றாகத் தெரியும் இடம் என்றால் ஜல்லிக்கட்டு நடக்கும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். ‘காளையை அடக்கினார்’ என்று எழுதுவது நம் பழக்கம். ஆனால் வாடிவாசலில் நடப்பது பிடிப்பதுதான். திமிலை மட்டும் பிடித்துக்கொண்டு குறிப்பிட்ட தூரமோ நேரமோ தாக்குப்பிடிக்க வேண்டும், வாலையோ கொம்பையோ பிடித்தால் கணக்கில் வராது. அங்கே ஒலிபெருக்கியில் அறிவிப்பவரும் மாடு பிடிபட்டதா, பிடிபடாமல் போய் வென்றதா என்றுதான் சொல்வார். மாட்டை யாரும் அங்கே நிரந்தரமாக அடக்கிவிடுவதில்லை, அது அடுத்த ஊருக்குப் போய் மறுபடி நிற்கும். அதனால் ‘மாடுபிடி வீரர்’, ‘எட்டு காளைகளைப் பிடித்தார்’ என்பதே சரியான விவரிப்பு. பாம்பு பிடிப்பவர்களுக்கும் இதே நியாயம். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவு சங்கம் 1978 முதல் இருக்கிறது, அதன் உறுப்பினர்கள் பிடித்துக் கொடுக்கும் பாம்புகளின் விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் திறமை முழுவதும் அந்தப் ‘பிடி’யில் இருக்கிறது, அந்த இடத்தில் வேறு பெரிய சொல் தேட வேண்டாம்.

இனி போலீஸ் செய்தி. இந்தச் சொல் அதிகமாகச் சேதம் செய்கிற இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

‘சந்தேகத்தின் பேரில் மூன்று பேரைப் பிடித்து விசாரித்து வருகின்றனர்.’ தினமும் எழுதுகிறோம். இந்த வாக்கியத்தில் அந்த மூன்று பேரின் நிலை என்ன? கைதா? இல்லை. அப்படியானால் எழுந்து வீட்டுக்குப் போகலாமா? அதுவும் இல்லை. சட்டத்தில் இப்படி ஒரு நடு நிலை கிடையாது. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. டி.கே.பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கைது குறிப்பு எழுத வேண்டும், அதில் சாட்சி கையெழுத்து வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று விதிகளை வகுத்தது. கைது செய்யத் தேவையில்லை என்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-வது பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. இவை எதிலும் சேராமல் ஒருவர் ஸ்டேஷனில் உட்கார வைக்கப்பட்டிருப்பதை ‘பிடித்து விசாரணை’ என்ற நம்முடைய சொல் இயல்பான விஷயம் போலக் காட்டிவிடுகிறது.

அதனால் நிருபர் கேட்க வேண்டிய கேள்வி: கைதா, நோட்டீஸா, எப்போது அழைத்துப் போனார்கள்? கைது என்றால் ‘கைது செய்தனர்’ என்று எழுதுங்கள். நோட்டீஸ் என்றால் ‘விசாரணைக்கு அழைத்துள்ளனர்’. எதுவும் சொல்ல மறுக்கிறார்கள் என்றால், ‘நேற்று மாலை 4 மணிக்கு மூன்று பேரைப் போலீசார் ஸ்டேஷனுக்கு அழைத்துச் சென்றனர், கைது செய்யப்பட்டார்களா என்று தெரிவிக்கவில்லை’ என்று நேரத்தோடு எழுதுங்கள். நீளமாகத்தான் இருக்கும். பரவாயில்லை. அந்த நேரக் குறிப்பு ஒரு குடும்பத்துக்குப் பின்னால் ஆதாரமாகவே உதவக்கூடும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தலைப்பால். இரவுப் பதிப்பு, மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, நிருபர் போனில் சொன்ன நான்கு வரியை வைத்து ‘பைக் திருடர்கள் 3 பேர் பிடிபட்டனர்’ என்று தலைப்பு போட்டேன். பெயர்களும் அச்சாகின. மறுநாளே இரண்டு பேரை விட்டுவிட்டார்கள். அதில் ஒரு பையன் உணவு டெலிவரி முடித்துவிட்டு அந்த வழியாக வந்தவன், அவ்வளவுதான் அவனுக்கும் அந்த வழக்குக்கும் தொடர்பு. நான்காம் நாள் அவன் அம்மா அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கோபப்படவில்லை. “பிடிச்சாங்கன்னு போட்டீங்க தம்பி, விட்டதைப் போடலையே” என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஐந்தாம் பக்கத்தில் போட்டோம், சின்னதாக. தெருவில் முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: ‘பிடிபட்டனர்’ என்று தலைப்பில் வந்தால், அதற்கு முன்னால் இருக்கும் சொல்லைப் பார்ப்பேன். ‘திருடர்கள் பிடிபட்டனர்’ என்று போட்டால் நீதிமன்றத்தின் வேலையை நாம் முடித்துவிட்டோம் என்று அர்த்தம். ‘திருட்டு வழக்கில் 3 பேரிடம் விசாரணை’ என்று போட்டால் நடந்ததைச் சொல்கிறோம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது பலருக்குத் தெரியாது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில் ‘கைது’ என்ற சொல்தான் பொருந்தாது. 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம் குழந்தையைக் ‘கைது’ செய்வதாகவே பேசுவதில்லை, அதற்கு வேறு சொல்லை வைத்திருக்கிறது, அந்தச் சொல் நம் ‘பிடித்தல்’ என்பதற்குத்தான் நெருக்கம். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஆகவே ‘16 வயது சிறுவன் கைது’ என்பதைவிட ‘சிறுவனைப் போலீசார் பிடித்து இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒப்படைத்தனர்’ என்பது சரி. பெயர், பள்ளி, ஊர், தந்தை பெயர் எதுவும் வரக் கூடாது, அதே சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. ‘இன்னாரின் மகன்’ என்று எழுதிவிட்டு பையன் பெயரை மட்டும் மறைப்பதால் பயனில்லை.

அடுத்து பிடியாணை, தமிழ்நாட்டு நாளிதழ் வழக்கில் பிடிவாரண்ட். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் பிடியாணை என்ற சொல்லே நிலைத்துவிட்டது, பகிரங்கப் பிடியாணை என்றுகூட எழுதுவார்கள். எனக்கும் அதுவே பிடித்த சொல், ஆனால் உங்கள் பத்திரிகை எதை வைத்திருக்கிறதோ அதையே கடைசிவரை எழுதுங்கள், ஒரே செய்தியில் இரண்டையும் கலக்க வேண்டாம். முக்கியமானது வேறு. ஜாமீனில் வெளிவரக்கூடியதா, முடியாததா என்று கட்டாயம் சொல்ல வேண்டும், இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அப்புறம், நம் கீழமை நீதிமன்றங்களில் பெரும்பாலான பிடியாணைகள் விசாரணைக்கு வராமல் போனதற்காகப் பிறப்பிக்கப்படுபவை. அந்த நபர் அடுத்த வாரம் நேரில் வந்து நின்றதும் நீதிமன்றமே திரும்பப் பெற்றுவிடும். ‘பிடிவாரண்ட்’ என்று எட்டுப் பத்தி அகலத்துக்குத் தலைப்பு போட்டால், திரும்பப் பெற்றதையும் போட வேண்டும். உத்தரவு வேறு, பிடிப்பது வேறு என்பதற்குப் பெரிய உதாரணம் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். ரஷ்ய அதிபர் புதினுக்கு எதிராக 2023 மார்ச் 17-ல் பிடியாணை பிறப்பித்தது, ஆனால் அந்த நீதிமன்றத்துக்கென்று சொந்தப் போலீஸ் கிடையாது, உறுப்பு நாடுகள்தான் செய்ய வேண்டும். 2024 செப்டம்பரில் அவர் உறுப்பு நாடான மங்கோலியாவுக்கே போய்விட்டுத் திரும்பினார்.

‘கையும் களவுமாகப் பிடிபட்டார்’ என்பதை லஞ்ச வழக்குகளுக்கு எல்லாம் ஒட்டிவிடுகிறோம். அது பொறி வைத்துப் பிடிக்கும் வழக்குக்கு மட்டும் உரியது. புகார் கொடுத்தவரிடம் பினாப்தலின் பொடி தடவிய நோட்டுகளைக் கொடுத்து அனுப்புவார்கள், வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். அங்கே கையும் இருக்கிறது, களவும் இருக்கிறது. வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து சேர்த்ததாக வீட்டில் சோதனை நடந்தால் அங்கே ‘கையும் களவும்’ எங்கிருந்து வந்தது? அதேபோல் தேர்தல் நேரத்தில் பறக்கும் படை ரூ.50,000-க்கு மேல் ஆவணம் இல்லாமல் கொண்டுபோகும் பணத்தை எடுத்துக்கொள்கிறது. ‘பணத்துடன் வியாபாரி பிடிபட்டார்’ என்றால் அவர் குற்றவாளி போலாகிவிடுகிறது. பணம்தான் பறிமுதல் ஆனது. மாட்டுச் சந்தைக்குப் போன மனிதர் மறுநாள் ரசீதைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெற்றிருப்பார்.

இனி தீ. ‘தீப்பிடித்தது’ என்ற சொல்லில் எந்தக் கையும் இல்லை, தீ தானாக வந்தது போல இருக்கும். நிஜமாகவே காரணம் தெரியாத முதல் மணி நேரத்தில் அது நேர்மையான சொல்தான். ‘மின்கசிவு காரணமாகத் தீப்பிடித்தது’ என்று காலை ஆறு மணிக்கே எழுதுவதுதான் தவறு, அப்போது தீயே அணைந்திருக்காது, யார் ஆராய்ந்து சொன்னார்கள்? கை இருப்பது தெரிந்த பிறகும் ‘தீப்பிடித்தது’ என்று எழுதினால் அது உண்மையை மறைப்பதாகும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதை ‘குடிசை தீப்பிடித்து 44 பேர் பலி’ என்று எழுதிப் பாருங்கள், இலக்கணத்தில் ஒரு பிழையும் இருக்காது, ஆனால் கொலை காணாமல் போயிருக்கும். தீ வைத்தவர்கள் யார் என்று உறுதியாகாவிட்டாலும், தீ வைக்கப்பட்டது என்று உறுதியானால் ‘தீ வைக்கப்பட்டது’ என்றே எழுத வேண்டும். கும்பகோணம் போன்ற விபத்துகள் வேறு வகை. 2004 ஜூலை 16-ல் அங்கே பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரை தீப்பிடித்தது உண்மை, ஆனால் செய்தி அந்த வினைச்சொல்லோடு முடிந்துவிடக் கூடாது. வகுப்பறைக்கு மேல் ஏன் கீற்றுக் கூரை இருந்தது, அத்தனை குழந்தைகளை ஏன் ஒரே இடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள் என்று அடுத்த வாக்கியத்திலேயே கேள்வி தொடங்கிவிட வேண்டும்.

‘ஆட்சியைப் பிடித்தது’ என்பதை மாற்றச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார்கள், அவ்வளவு பழகிவிட்டது. 2021-ல் தமிழகத்தில் 234-க்கு 133 இடங்கள் வென்று திமுக ஆட்சியைப் பிடித்தது என்று எழுதுகிறோம். அதே ஆண்டு பிப்ரவரி 1-ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது என்றும், ஆகஸ்ட் 15-ல் தலிபான்கள் காபூலைப் பிடித்தனர் என்றும் எழுதினோம். வாக்குப்பெட்டிக்கும் துப்பாக்கிக்கும் ஒரே வினை. தேர்தல் என்றால் ‘வென்றது’, ‘ஆட்சி அமைத்தது’ என்று எழுதிவிட்டு, ‘பிடித்தது’, ‘கைப்பற்றியது’ இரண்டையும் ஆயுதம் வந்த இடத்துக்கு வைத்துக்கொண்டால் வாசகருக்கு வித்தியாசம் தலைப்பிலேயே தெரியும்.

சிறைபிடிப்பு விஷயத்தில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. ராமேஸ்வரம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தால் நம் பக்கத்துத் தலைப்பு ‘மீனவர்கள் சிறைபிடிப்பு’. யாழ்ப்பாணத்துத் தலைப்பு ‘அத்துமீறிய இந்திய மீனவர்கள் கைது’. ஒரே படகு, ஒரே இரவு. 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த எல்லைக்கோடு, பாரம்பரியமாக மீன்பிடித்த கடல் என்ற நம் மீனவர்களின் வாதம், அடியோடு வாரி இழுக்கும் வலையான இழுவைமடியால் தங்கள் வலையும் கடல்தரையும் நாசமாகிறது என்ற வடக்கு இலங்கைத் தமிழ் மீனவர்களின் குமுறல், இழுவைமடிக்கு இலங்கை 2017-ல் சட்டமாகவே போட்ட தடை, இத்தனையும் இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கின்றன. நீதிமன்றத்தில் நிறுத்திக் காவலில் வைத்தால் ‘கைது’ என்றே எழுதுங்கள், படகைப் ‘பறிமுதல்’ என்று எழுதுங்கள், எந்த இடத்தில் பிடித்தார்கள் என்று யார் சொல்கிறார்கள் என்பதைச் சேருங்கள். வீட்டில் காத்திருக்கும் மனைவிக்கும் தேவைப்படுவது எந்த நீதிமன்றம், எந்தத் தேதி வரை காவல் என்ற தகவல்தான். பேருந்தைச் ‘சிறைபிடித்த’ கிராம மக்கள் செய்தியில் இந்தச் சொல்லே வேண்டாம். குடிநீர் வராத ஊர்ப் பெண்கள் காலிக்குடத்தோடு சாலையில் நின்றதை அது ஏதோ கடத்தல் போலக் காட்டுகிறது. ‘மறித்தனர்’ போதும்.

பிடித்தது என்பதை ஒரு நோய் போல, ஒரு நிலை போலச் சொல்வதும் உண்டு: மதம் பிடித்தது, வெறி பிடித்தது, பேய் பிடித்தது. ஒவ்வொன்றிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. மதம் என்பது ஆண் யானையின் உடலில் நிகழும் மாற்றம், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் சுரப்பியிலிருந்து நீர் வடியும், அதைத்தான் மதநீர் என்கிறோம். நம் கோயில் யானைகளில் பெரும்பாலானவை பெண் யானைகள். 2024 நவம்பரில் திருச்செந்தூரில் கோயில் யானை தெய்வானை தாக்கிப் பாகன் உட்பட இரண்டு பேர் இறந்தார்கள், தெய்வானை பெண். இப்படிப்பட்ட செய்தியில் ‘மதம் பிடித்து’ என்று கை தானாக எழுதிவிடும். ‘தாக்கியது’ என்று மட்டும் எழுதுங்கள், காரணத்தைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வழி: பழந்தமிழில் பெண் யானையின் பெயரே பிடி, ஆண் களிறு. பிடிக்கு மதம் பிடிக்காது.

கடித்த நாயை எல்லாம் ‘வெறி பிடித்த நாய்’ என்று எழுதாதீர்கள், ரேபிஸ் இருந்ததா என்று பரிசோதனையில்தான் உறுதியாகும். ஆனால் கடிபட்டவர் அதற்காகக் காத்திருக்கக் கூடாது, உடனே சோப்பு போட்டுக் கழுவித் தடுப்பூசி போட வேண்டும், அந்த வரியைச் செய்தியில் சேர்த்துவிடுங்கள். ‘பேய் பிடித்த பெண்ணுக்குச் சாட்டையடி’ என்ற தலைப்பில் பேய் இருப்பதை நாமே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். ‘பேய் பிடித்ததாகக் கூறி’ என்று சொன்னவர்கள் தலையில் பொறுப்பை வையுங்கள். ‘பைத்தியம் பிடித்த’ என்பதை எந்தச் செய்தியிலும் எழுதக் கூடாது என்பது என் கருத்து.

சில ‘பிடி’கள் கருத்தைச் செய்திக்குள் கடத்திவிடும். ‘முரண்டு பிடிக்கும் கர்நாடகம்’, ‘தொகுதி கேட்டு அடம்பிடிக்கும் கூட்டணிக் கட்சி’. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் முரண்டா, நியாயமான மறுப்பா என்பதை முடிவு செய்தது நாம். ‘மறுக்கிறது’, ‘வலியுறுத்துகிறது’ என்று எழுதி, காவிரியில் கேட்ட அளவு எத்தனை டி.எம்.சி., கொடுத்த அளவு எத்தனை என்று போட்டால் வாசகரே தீர்மானித்துக்கொள்வார். ‘ஓட்டம் பிடித்தனர்’ என்பதில் ஒரு ஏளனம் ஒட்டியிருக்கிறது. நகையைப் பறித்தவன் ஓட்டம் பிடிக்கலாம், நிலநடுக்கத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர்களை அப்படி எழுதக் கூடாது. ‘சூடுபிடித்தது’ என்பதோ ஒன்றுமே சொல்லாத சொல். எட்டயபுரம் ஆட்டுச் சந்தை சூடுபிடித்தது, செஞ்சி சந்தை சூடுபிடித்தது, பிரச்சாரம் சூடுபிடித்தது. எத்தனை ஆடு வந்தது, போன வாரம் ஜோடி என்ன விலை, இந்த வாரம் என்ன விலை? இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிவிட்டால் அந்தச் சொல் தானாகக் கழன்றுவிடும்.

‘முதலிடம் பிடித்தார்’ நல்ல சொல்தான், ஆனால் பட்டியல் இருக்க வேண்டும். பிளஸ் 2, பத்தாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில முதலிடம் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் ‘மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாணவி’ என்று பள்ளிகள் செய்திக்குறிப்பு அனுப்புகின்றன. மதிப்பெண்ணை எழுதுங்கள், மாணவியைப் பாராட்டுங்கள், அரசு தராத இடத்தை நாம் தர வேண்டாம். மாவட்டங்களின் தேர்ச்சி விகிதத்தில் முதலிடம் என்றால் அது சரி.

அரசுத் துறைச் சொற்கள் சிலவற்றையும் பார்த்துவிடலாம். நீர்ப்பிடிப்புப் பகுதி என்பது மழைநீர் விழுந்து வடிந்து அணைக்கு வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதும். மேட்டூருக்கு அது குடகு வரை போகிறது, கபினி வழியாகக் கேரளத்தின் வயநாடு வரையும் போகிறது. அணைக்குள் தண்ணீர் நிற்கும் இடம் நீர்த்தேக்கப் பகுதி. மேட்டூரில் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடி பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், ‘நீர்ப்பிடிப்புப் பகுதியில் மூழ்கியிருந்த நந்தி’ என்று வந்த பிரதிகளை நானே பலமுறை திருத்தியிருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு கரையும் வருவதால் எந்தத் துறைமுகம் என்று பார்த்து எழுதுங்கள். ‘வரி பிடித்தம்’ என்பதைப் புது வரி போல எழுதிப் பயமுறுத்த வேண்டாம், முன்கூட்டியே கழித்துக்கொள்வதுதான், கட்ட வேண்டிய வரி குறைவாக இருந்தால் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

‘கண்டுபிடிப்பு’ தனியாக எழுதவே தகுந்த விஷயம். ஏற்கெனவே இயற்கையில் இருந்ததை சி.வி.ராமன் 1928 பிப்ரவரி 28-ல் கண்டறிந்தார். இல்லாத கருவியை ஒருவர் உருவாக்குகிறார். கீழடியில் மண்ணுக்குள் இருந்த பானை ஓடு கண்டெடுக்கப்படுகிறது. காணாமல் போன சிறுமி மீட்கப்படுகிறாள். நான்குக்கும் ‘கண்டுபிடிப்பு’ போட்டு நாம் காலத்தை ஓட்டுகிறோம், நான்கு நல்ல சொற்கள் சும்மா கிடக்கின்றன.

கடைசியாகத் தலைப்புக்கும் எழுத்துக்கும் சில வார்த்தை. தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்க ‘ஐ’ உருபை வெட்டுவோம். ‘சிறுத்தை பிடித்த வனத்துறை ஊழியர் காயம்’ என்றால் யார் யாரைப் பிடித்தார்? ‘சிறுத்தையைப் பிடித்த’ என்று இரண்டெழுத்து கூடினால் குழப்பம் போய்விடும். மரம், பை போன்ற உயிரற்ற பொருள்களுக்கு உருபை வெட்டலாம், உயிருள்ள இரண்டு பேர் ஒரே தலைப்பில் இருந்தால் உருபை வெட்டாதீர்கள். ஒற்று: தீப்பிடித்தது, தீ பிடித்தது அல்ல. நீர்ப்பிடிப்பு. கடைப்பிடி, இதை ‘கடைபிடி’ என்று எழுதுவது இப்போது தொற்றுபோலப் பரவிவிட்டது, ஆத்திசூடியில் ‘நன்மை கடைப்பிடி’ என்று சிறுவயதில் படித்ததை நினைத்துக்கொண்டால் ‘ப்’ மறக்காது. கண்டுபிடி என்பதில் ஒற்று வராது, ‘கண்டுப்பிடி’ தவறு. இடம்பிடி, படம்பிடி, சூடுபிடி ஆகியவற்றைச் சேர்த்தே எழுதுங்கள், பிரித்தால் வரி மடியும்போது ‘சூடு’ மேலேயும் ‘பிடித்தது’ கீழேயும் போய் நிற்கும்.

செய்தியை அனுப்புவதற்கு முன் தேடல் பெட்டியில் ‘பிடி’ என்று தட்டி ஒவ்வொன்றாகப் பாருங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும். போலீஸ் செய்தியாக இருந்தால் ‘பிடித்து’ வருகிற வரிக்குப் பக்கத்தில் ஒரு நேரமும் ஒரு சட்ட நிலையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிருபருக்கு இன்னொரு போன் போடுங்கள்.